சிலயாணியின் குயவர்

லாட்வியாவில் கைவினைப் பொருள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு பொருள் கண்ணில் படாமல் போகாது. அகன்ற அடிப்பாகம், அதிலிருந்து எழும் நடுத்தண்டு, இரண்டு பக்கமும் வளைந்து விரியும் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் மெழுகுவத்தி செருக ஒரு சின்னக் கிண்ணம். பச்சை, தேன்நிறம், பழுப்பு என்று மேல்பூச்சு வழிந்து உறைந்திருக்கும். மூன்று கை, ஐந்து கை, ஏழு கை என்று போய்க்கொண்டே இருக்கும். நாட்டின் கிழக்கு மூலையில் இருக்கும் லாட்கலே பகுதியின் அடையாளம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் "எங்கள் ஆதிகாலத்து மரபு" என்பார்கள்.

மண்பாண்டம் வனைவது அங்கே ஆதிகாலத்துத் தொழில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பெரிய, கிளை விரித்த மெழுகுவத்தித் தண்டு செழித்து வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். அதைச் செழிக்க வைத்த கைகள் யாருடையவை என்றும் தெரியும். அவர்களில் ஒருவர் அந்த்ரேய்ஸ் பவுலான்ஸ். பிறந்தது 1896இல், மறைந்தது 1973இல். பிரெய்லி, ரேசெக்னே என்ற இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிலயாணி என்ற கிராமப்புறத்தைச் சேர்ந்தவர். வேலைக்காகத் தலைநகர் ரீகாவுக்கு வந்து குடியேறிய பிறகு நான் அதிகம் நினைத்துப் பார்த்த லாட்வியர் இவராகத்தான் இருக்கும்.

நாட்டுப்புறக் கலை என்றாலே, பெயர் தெரியாத யாரோ, தாத்தா செய்ததை அப்பாவும் அப்பா செய்ததை மகனும் அப்படியே செய்துகொண்டு போவது என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. பவுலான்ஸின் வாழ்க்கை அந்த நினைப்புக்கு நேர் எதிர். அவர் காலத்தில் கிராமத்துக் குயவரின் பிழைப்பே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவரும் அவர் தோழர்களும் அந்தக் கைத்திறனை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புதுசைத்தான் இன்று நாம் மரபு என்கிறோம். இதைச் சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடும் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் பானையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லாட்கலே கிராமத்து வீட்டின் நடுநாயகம் அடுப்பு. செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்குச் சூடு தருவதும் அதுதான், ரொட்டி சுடுவதும் அதுதான். விறகை உள்ளேயே எரித்து, கங்குகளை ஒதுக்கி, அந்தச் சூட்டுக்குள் பானையைத் தள்ளிவிடுவார்கள். தீ அடியிலிருந்து படாது, நாலாபக்கமும் அனல் சூழ்ந்திருக்கும். அதனால் அந்தப் பானைக்கு அடி சிறுத்து, தோள் அகன்று இருக்கும். நீளமான கம்பின் முனையில் இருக்கும் இரும்புக் கவையால் தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கி உள்ளே வைக்கவும் வெளியே எடுக்கவும் அந்த வடிவம்தான் வசதி. குயவர் அழகுக்காக வளைத்தது என்று நாம் நினைக்கும் வளைவு, அடுப்பு கேட்டு வாங்கிய வளைவு.

சமையல் பானையைத் தவிர வேறு எத்தனையோ. தேன் வைக்க மூடியோடு ஒரு சாடி. கொழுப்பும் பழப்பாகும் போட்டு வைக்க உயரமான சாடி. எண்ணெய்க்குக் கழுத்து குறுகிய குடுவை. வெண்ணெய் கடைய ஒரு பாண்டம், மோருக்கும் பாலுக்கும் கூஜாக்கள், அகலமான வட்டில்கள். வயலில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக, வாய்க்கு மேலே வளைந்த பிடி வைத்த பானை. சில சமயம் இரண்டு பானைகளை ஒட்டி ஒரே பிடி போட்டிருப்பார்கள், ஒன்றில் சூப், மற்றதில் கஞ்சி. குழந்தைகளுக்குப் பறவை, குதிரை, ஆட்டுக்கடா உருவங்களில் மண் ஊதல்கள். வீட்டில் இருக்கிற மண்ணின் கடைசித் துண்டைக்கூட வீணாக்காத தொழில் அது.

குயவர் முழுநேரக் குயவர் அல்ல. சின்ன விவசாயி. வயல் வேலை ஓய்ந்த நேரத்தில் சக்கரம் சுழலும். சுட்டு முடித்த பானைகளை வைக்கோல் பொதிந்து குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். காசுக்கும் விற்பார், தானியத்துக்கும் மாற்றுவார். பானையில் பெயர் எழுத மாட்டார். எழுத வேண்டிய தேவையும் இல்லை. வாங்குகிறவர்களுக்கு ஆளைத் தெரியும்.

பவுலான்ஸ் பிறந்தபோது லாட்கலே ரஷ்யப் பேரரசின் வித்தெப்ஸ்க் மாகாணத்தில் இருந்தது. லாட்வியாவின் மற்ற பகுதிகளிலிருந்து இந்தப் பகுதி பல வகையில் வேறுபட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் லூத்தரன் கிறிஸ்தவர்கள், இவர்கள் கத்தோலிக்கர்கள். பேச்சும் வேறு. லாட்கலிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சடிக்க 1865இல் பேரரசு தடை விதித்தது. அந்தத் தடை 1904 வரை நீடித்தது. அதாவது பவுலான்ஸுக்கு எட்டு வயதாகும் வரை அவருடைய தாய்மொழியில் ஒரு புத்தகத்தை லத்தீன் எழுத்தில் சட்டப்படி அச்சிட முடியாது. அடிமைக் குடியானவர் முறையும் மற்றப் பகுதிகளில் 1819க்குள் ஒழிந்துவிட, இங்கே 1861 வரை இருந்தது. வறுமை, எழுத்தறிவின்மை, பின்தங்கிய பகுதி என்ற முத்திரை, எல்லாம் சேர்ந்து வந்தன. ரீகாவில் இருப்பவர்கள் லாட்கலேக்காரரின் பேச்சைக் கேட்டுச் சிரித்த காலம் உண்டு.

பானைத் தொழில் இங்கே மட்டும் நிலைத்ததற்கும் அந்த வறுமைக்கும் தொடர்பு இருக்கிறது. ஆலையில் செய்த பாத்திரங்கள் மற்றப் பகுதிகளுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டன. லாட்கலே வீடுகளில் மண்பானை கூடுதலாகச் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. பின்னாளில் பெருமையாகக் கொண்டாடப்பட்ட ஒன்று, தொடக்கத்தில் ஏழ்மை காப்பாற்றி வைத்த ஒன்று. இதை மறைத்துவிட்டு வெறும் பெருமை பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அப்புறம் மாற்றம் இங்கேயும் வந்தது. மேலே இரும்புத் தகடு பதித்த அடுப்புகள் வந்தன. அவற்றின் மேல் பாத்திரத்தை நேராக வைக்க வேண்டும், தட்டையான அடி வேண்டும். மண்பானையை அந்தத் தகட்டின் மேல் வைத்தால் அடி மட்டும் சட்டென்று சூடேறி விரிசல் விட்டுவிடும். வார்ப்பிரும்புச் சட்டியும் எனாமல் பாத்திரமும் அதற்கென்றே பொருந்தி வந்தன. குயவரின் திறமையில் எந்தக் குறையும் வரவில்லை. அடுப்பு மாறியது, அவ்வளவுதான்.

1920களிலும் 30களிலும் சுதந்திர லாட்வியா தன் நாட்டுப்புற மரபுகளைத் தேடித் தேடிச் சேகரித்துக்கொண்டிருந்தது. ரீகாவின் ஓரத்தில், யுக்லா ஏரிக்கரையில், பழைய கிராமத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகம் 1924இல் தொடங்கப்பட்டு 1932இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நகரத்தில் படித்தவர்கள் லாட்கலே பானைகளை வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கஞ்சி வைக்கும் பானை தேவையில்லை. மேசையில் வைக்க, சுவரோரம் நிறுத்த, பார்த்து மகிழ ஏதாவது வேண்டும். சிலயாணி குயவர்கள் அந்தத் தேவையைப் புரிந்துகொண்டார்கள். பவுலான்ஸும், அவரைவிட இரண்டு வயது மூத்த பொலிகார்ப்ஸ் வில்ட்சான்ஸும், இன்னொரு குயவரான ஆதாம்ஸ் காபோஸ்தின்ஷும் இந்தப் புதிய பாதையில் முன்னால் நடந்தவர்கள். 1937இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த மூவரின் வேலைகளுக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அந்தக் கண்காட்சியின் சூழலை யோசித்துப் பாருங்கள். ஈஃபில் கோபுரத்துக்கு அருகே ஜெர்மனியின் அரங்கும் சோவியத் அரங்கும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றன. ஸ்பெயின் அரங்கில் பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியம் தொங்கியது. மூன்று பால்டிக் நாடுகளும் சேர்ந்து ஒரே அரங்கு அமைத்திருந்தன. நவீன வாழ்க்கையின் கலையும் தொழில்நுட்பமும் என்பது கண்காட்சியின் தலைப்பு. அங்கே போய், குதிரை வண்டி போகும் மண்பாதை ஊரில் விறகு மூட்டிச் சுட்ட செம்மண் பாண்டங்கள் தங்கம் வாங்கின. மூன்றே ஆண்டுகளில், 1940 ஜூனில், சோவியத் படை லாட்வியாவை ஆக்கிரமித்தது. 1941இல் நாஜிகள், 1944இல் மறுபடி சோவியத். பதக்கம் வாங்கிய நாடு வரைபடத்திலிருந்தே போய்விட்டது.

பவுலான்ஸ் இதெல்லாம் நடந்த பிறகும் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார், வேலை செய்தார், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த முப்பது ஆண்டுகள்தான் பதக்கத்தைவிட முக்கியம் என்பேன்.

அந்தக் கிளைத் தண்டு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். லாட்கலேயில் ஒரு குயவப் பெண்மணியின் பட்டறையில் கோடைக்காலத்தில் சக்கரம் பழகப் போனபோது அவர் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து செய்து காட்டினார். தண்டு ஒரே துண்டாக வராது. அடிப்பாகத்தைச் சக்கரத்தில் தனியாக வனைய வேண்டும், உள்ளே குழிவாக. நடுத்தண்டும் அப்படியே, உள்ளீடற்ற குழாயாக. கைகளைத் தனித்தனிக் குழாய்களாக இழுத்து, கொஞ்சம் இறுகிய பிறகு வளைக்க வேண்டும். சீக்கிரம் வளைத்தால் தொய்ந்து சப்பையாகும், தாமதித்தால் வளைவின் வெளிப்புறம் கீறல் விடும். கிண்ணங்களும் தனி. எல்லாம் ஒரே பதத்துக்கு வந்ததும், ஒட்ட வேண்டிய இடங்களைக் குச்சியால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி, அழுத்திச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அந்தப் பெண்மணி ஒவ்வொரு கையின் நுனியிலும் ஈரத்துணி சுற்றினார். மெலிந்த கை முதலில் காயும், கனத்த அடி கடைசியில் காயும். காயும்போது மண் சுருங்கும். கை சுருங்கி அடி சுருங்காமல் இருந்தால் ஒட்டு விட்டுப்போகும். அந்தத் துணி, கைகள் காய்வதை அடிப்பாகத்தின் வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஏழு கை உள்ள தண்டென்றால், பதினான்கு ஒட்டுகளுக்குக் குறையாமல் இப்படிக் காவல் காக்க வேண்டும்.

இதைப் பார்த்த பிறகு, பவுலான்ஸ் தலைமுறைக்குப் பானை வனைந்த பயிற்சி எந்த விதத்தில் கைகொடுத்தது என்பது எனக்கு விளங்கியது. கிளைத் தண்டின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பானையின் உறுப்புத்தான். குழாய் என்பது கூஜாவின் கழுத்து. கிண்ணம் என்பது சிறிய வட்டில். வளைந்த கை என்பது, வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பானையின் மேல்வளைவுப் பிடி. தெரிந்த உறுப்புகளைப் பிரித்துப் புதுசாகக் கோத்திருக்கிறார்கள். விளிம்பில் விரலால் அழுத்தி வைத்த நெளிவும், குச்சியால் இழுத்த அலைக்கோடும்கூட பழைய பாண்டங்களில் இருப்பவைதான்.

சுடுவதும் பழைய முறைதான். லாட்கலே சூளை தரையில் பாதி புதைந்தது, மேல்பக்கம் திறந்தது. கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டி, கீழே தீவாய் விட்டு, பாண்டங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கி, மேலே உடைந்த ஓடுகளைப் பரப்பி மூடுவார்கள். முதலில் சின்னத் தீ, ஈரம் முழுக்கப் போக வேண்டும். பிறகு மணிக்கணக்கில் விறகு தள்ளித் தீயை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இந்த மண்ணுக்கு 900இலிருந்து 1000 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் உருக்குலையும். வெப்பமானி எதுவும் கிடையாது. உள்ளே தெரியும் நிறத்தை வைத்துக் கணிப்பதுதான். மேல்பூச்சு உருகி ஓடும் நேரம் அது. கவிழ்த்து அடுக்கியதால் சில பழைய பானைகளில் பூச்சு வாயை நோக்கி வழிந்திருக்கும். நிமிர்த்தி வைத்துப் பார்க்கும்போது துளிகள் கீழிருந்து மேலே ஏறிப் போனது போலத் தெரியும். அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பானையைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அது சூளைக்குள் எந்த வாக்கில் இருந்தது என்று பானையே சொல்லிவிடும்.

அந்தப் பளபளப்புக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய பூச்சின் அடிப்படை ஈயம். ஈயத்தை வறுத்துச் சாம்பலாக்கி, மணலோடு அரைத்து, பச்சை வேண்டுமென்றால் செம்பு, பழுப்புக்கு மாங்கனீசு சேர்ப்பார்கள். வறுக்கும்போது எழும் புகையும் அரைக்கும்போது எழும் தூளும் குயவரின் நெஞ்சுக்குள்தான் போகும். பூசிய பாத்திரத்தில் புளித்த பண்டங்களை வைத்தால் ஈயம் கசிந்து சாப்பிடுகிறவர் வயிற்றுக்கும் போகும். 2004இல் லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, உணவு வைக்கும் பாத்திரத்தில் ஈயக் கசிவுக்கு ஒன்றியத்தின் வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. இன்றைய குயவர்கள் சமையல் பாண்டங்களுக்கு ஈயமில்லாத பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். பழைய பச்சையின் ஆழம் இதில் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. குழந்தைகள் குடிக்கும் பால் கூஜாவில் நிறத்தைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

சரி, சோவியத் காலத்துக்கு வருகிறேன். 1949 மார்ச்சில் லாட்வியாவிலிருந்து 42,000க்கும் அதிகமானவர்களைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். மிச்சமிருந்த விவசாயிகள் கூட்டுப்பண்ணைகளில் சேர்ந்தார்கள். சொந்த நிலம், சொந்தக் குதிரை, சொந்தச் சூளை என்று இருந்த விவசாயக் குயவரின் வாழ்க்கை அடியோடு மாறியது. அதே ஆட்சி, மறுபக்கம் நாட்டுப்புறக் கலையை மேடையேற்றவும் செய்தது. கைவினைக் குழுக்கள், கண்காட்சிகள், பட்டங்கள் எல்லாம் வந்தன. கிராமத்துக் குயவர் என்ற ஆள் போய், நாட்டுப்புறக் கலைஞர் என்ற ஆள் வந்தார். பவுலான்ஸ் இரண்டுமாக இருந்தவர். பானை விற்றுப் பிழைத்ததும் தெரியும், அருங்காட்சியகத்துக்கு என்று செய்ததும் தெரியும். அந்த இரண்டு உலகத்தையும் ஒரே உடம்பில் சுமந்த கடைசித் தலைமுறை அவருடையது. வில்ட்சான்ஸ் 1969இல் போனார், பவுலான்ஸ் நான்கு ஆண்டுகள் கழித்து.

அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் பெரிய பெயர் பொலிகார்ப்ஸ் செர்ன்யாவ்ஸ்கிஸ். 1923இலிருந்து 1997 வரை வாழ்ந்தவர். பிரெய்லி ஊரில் அவர் குடியிருந்து வேலை செய்த வீடு இப்போது அருங்காட்சியகம். வில்ட்சான்ஸும் பவுலான்ஸும் தொடங்கிவைத்த அலங்கார வேலையை அவர் இன்னும் பெரிதாக, இன்னும் துணிச்சலாகக் கொண்டுபோனார். சில வேலைகள் எனக்கு அதிகப்படியாகத் தோன்றும். அடிப்பாகத்துக்கு மூச்சு விட இடமே இல்லாமல் அலங்காரம் ஏறியிருக்கும். ஆனாலும் அந்தக் கை நடுங்காத கை.

இதற்கு நேர்மாறாகப் போனவர் எவால்ட்ஸ் வசிலெவ்ஸ்கிஸ். 1990இல் உருவான 'பூத்னீகு ஸ்கோலா' என்ற குயவர் குழுவின் முன்னோடி. பளபளக்கும் பூச்சை விட்டுவிட்டு, அதற்கும் முந்தைய கறுப்புப் பாண்டத்தைத் தேடிப்போனார். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது பிசினுள்ள விறகைப் போட்டுக் காற்று புகாமல் அடைத்துவிட வேண்டும். உயிர்வளி (ஆக்சிஜன்) கிடைக்காத தீ மண்ணிலிருக்கும் இரும்புத் துருவிலிருந்தே அதை உறிஞ்சும். புகைக்கரியும் உள்ளே ஏறும். சிவப்பாகப் போன பானை கறுப்பாக வெளியே வரும். இன்னொரு முறையில், சூளையிலிருந்து எடுத்த பானையைச் சூடு ஆறுவதற்குள் புளித்த மாவுக்கூழில் முக்குவார்கள். கூழ் பொரிந்து, பானையெங்கும் பழுப்புப் புள்ளிகள் பரவும். பவுலான்ஸ் மரபை முன்னோக்கி நீட்டினார் என்றால் இவர்கள் பின்னோக்கி நீட்டினார்கள். இரண்டு பேரும் செய்தது தேர்வு. கிடைத்ததை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை.

ரீகாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ரேசெக்னே வந்துவிடும். அங்குள்ள லாட்கலே பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்தப் பாண்டங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் கிளைத் தண்டுகளுக்கு முன்னால்தான் கூடுவார்கள். நான் சொல்வேன், முதலில் சமையல் பானைகளைப் பார்த்துவிட்டுத் தண்டுகளுக்குப் போங்கள். அப்போதுதான் ஒரு குயவரின் கை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று தெரியும். தண்டை மட்டும் பார்த்தால் அது வெறும் அலங்காரப் பொருள். பானையைப் பார்த்தபின் பார்த்தால், தொழில் மூழ்கும் நேரத்தில் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு கண்ணுக்குத் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் லாட்வியாவில் 8.8 சதவீதம் பேர் அன்றாடம் லாட்கலிய மொழி பேசுவதாகச் சொன்னார்கள். கிராமங்களில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, இளைஞர்கள் ரீகாவுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். ஆனால் சக்கரம் நிற்கவில்லை. அந்தப் பட்டறைப் பெண்மணியின் கணக்கு எளிமையானது. தண்டு விற்ற காசில் விறகு வாங்குகிறார். அதே சூளையில் இண்டு இடுக்கெல்லாம் சமையல் பானைகளை அடுக்கிச் சுடுகிறார். பானையில் லாபம் கொஞ்சம்தான், ஆனாலும் நிறுத்தவில்லை. விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார். கணீரென்று ஒலித்தால் விலைப்பலகைக்குப் போகும். மொத்தையாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று பொருள், அதை ஓரமாக வைத்துவிடுகிறார்.

யுக்லா ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் 1971இலிருந்து ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரக்கடைசியில் கைவினைச் சந்தை நடக்கிறது. அந்த நேரத்தில் ரீகாவில் இருந்தால் தவறவிடாதீர்கள். லாட்கலே குயவர்களின் கடைகளில் முன்வரிசையில் தண்டுகளும் ஊதல்களும் இருக்கும். பின்னால் தரையில், வைக்கோலின் மேல், அடி சிறுத்துத் தோள் அகன்ற பானைகள் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மின்னடுப்பின் தகட்டில் நேராக வைக்கக் கூடாது என்று அவர்களே சொல்வார்கள். ஓவனுக்குள், சூடேறுவதற்கு முன்பே வைத்து, பட்டாணியும் பார்லியும் போட்டு மெதுவாக வேகவிடலாம்.